சீட்டின்றி எல்லை கடந்தோர்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே அது. வீட்டை வாடகைக்குத் தருவோர் கேட்பர். பள்ளிச் சேர்க்கைப் படிவம் கேட்கும். பேருந்தில் அருகே அமர்ந்தவர் நம் பேச்சைச் செவிமடுத்துவிட்டுக் கேட்பார். இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த எங்களிடமும் இதற்கு ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. கோடை விடுமுறையில் இருபது நாள் கண்ட ஊரொன்றின் பெயரைச் சற்றும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். அவ்வூரில் இன்று எங்களுக்கு வீடில்லை, நிலமில்லை, பெயர் சொல்லி அழைப்பார் இரண்டொருவரே உளர். ஆயினும் ஊர் என்றால் எங்களுக்கு அதுதான்.

இவ்வகையில் எங்களுக்கெல்லாம் மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். தில்லையாடி வள்ளியம்மை என்று தமிழுலகம் போற்றும் அப்பெண் தில்லையாடியைக் கண்ணால் கண்டவள் அல்லள். 1898ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தாள். 1914 பிப்ரவரி 22ஆம் நாள் அந்நாட்டிலேயே கண்மூடினாள். வயது பதினாறு. பெற்றோர் கடலுக்கு அப்பால் விட்டு வந்த ஊர், அவள் மிதிக்காத ஊர், அவள் பெயருக்கு முன்னால் வந்து அமர்ந்துகொண்டது. குடியேறியவர் மகளுக்கு ஊர்ப்பெயர் இப்படித்தான் வாய்க்கும் போலும்.

ஆனால் அவள் உயிர்விட்டது ஊர்ப்பெயருக்காக அன்று. தான் பிறந்த நாட்டிலேயே, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் செல்ல அனுமதிச் சீட்டுக் கேட்ட சட்டத்தை மீறியவர்களுள் ஒருத்தியாகச் சிறைபுகுந்து, அங்கே பற்றிய காய்ச்சலால் மடிந்தாள். அவளும் அவளைப் போன்ற எளியோரும் அச்சட்டத்தை எதிர்த்த வரலாறு எங்கள் இல்லத்துக்குள் நுழைந்த விதத்தையும், நுழைந்த பின் அது செய்த வேலையையும் இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் தந்தையார் 1956ஆம் ஆண்டு கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஒரு தகரப் பெட்டியோடு இந்நகருக்கு வந்தவர். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி. கரோல்பாகில் அறை தேடி அலைந்த நாள்களில், மதராசிகளுக்கு இடமில்லை என்று கதவை அடைத்தவர் உண்டு. அவர் அதற்குக் கைகூப்பிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். "விருந்தினனாக வந்தவன் வீட்டு ஒழுங்கைக் குறை கூறலாகாது" என்பது அவர் கொள்கை. எந்த விண்ணப்பத்திலும் கூட்டாகக் கையெழுத்திட்டதில்லை. எந்த ஊர்வலத்தையும் நின்று பார்த்ததில்லை. "வந்த இடத்தில் தலையைக் குனிந்து நட, நிமிர்ந்தால் கூரை இடிக்கும்" என்று எங்கள் மூவருக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. மாதந்தோறும் அவர் அனுப்பும் பணவிடையை எதிர்பார்த்து ஊரில் ஐந்து வயிறுகள் இருந்தன. புலம்பெயர்ந்தவன் தன் சினத்தைத் தனக்குரியதாக எண்ண முடிவதில்லை. அதன் விலையைக் கொடுப்பவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

1991ஆம் ஆண்டு அவருடைய அறுபதாம் ஆண்டு நிறைவைத் திருக்கடையூரில் நடத்தினோம். மறுநாள் அன்னையார் ஒரு விருப்பத்தைச் சொன்னார். தில்லையாடி அங்கிருந்து சில கல் தொலைவுதான். வள்ளியம்மைக்கு அரசு எழுப்பிய நினைவு மண்டபம் இருக்கிறது. பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். தந்தையாருக்கு ஆர்வமில்லை. இரயிலுக்கு நேரமாகும் என்றார். அன்னையார் வழக்கத்துக்கு மாறாக விட்டுக்கொடுக்கவில்லை. போனோம். வெயில் ஏறிய வேளை. எங்களைத் தவிர அங்கு எவருமில்லை. தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, வண்டியில் ஏறியபின் ஒரே ஒரு வினாக் கேட்டார்: "பிழைக்கப் போன இடத்தில் இவர்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது?"

அவ்வினா அவரை விடவில்லை. தலைநகர் திரும்பியதும் காந்தியடிகள் எழுதிய தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றின் தமிழாக்கத்தைச் சங்க நூலகத்திலிருந்து எடுத்து வந்தார். ஏறத்தாழ ஒரு மாத காலம், இரவு உணவுக்குப் பின் உரக்கப் படித்தார். அன்று கேட்டவற்றோடு, பின்னர் நாங்களே தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே சுருக்கித் தருகிறோம்.

1860 நவம்பர் 16ஆம் நாள் 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு நேட்டால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911ஆம் ஆண்டு வரை இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் மூவருக்கு இருவர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஐந்தாண்டு உழைக்க வேண்டும்; அதன்பின் அவர்கள் சுதந்தர மனிதர்கள். கட்டுண்டு கிடக்கும்வரை கூலியை வரவேற்ற வெள்ளையர், அவன் கட்டவிழ்ந்து காய்கறி பயிரிட்டு விற்கத் தொடங்கியதும் முகம் சுளித்தனர். குடியேற்றக் கட்டுப்பாடு பிறந்த இடம் இதுவே. ஆள் வேண்டும், ஆனால் அவன் குடியாகிவிடக் கூடாது என்னும் எண்ணமே அதன் வேர்.

1895ஆம் ஆண்டு நேட்டால் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மீண்டும் ஒப்பந்தத்திலும் சேராமல் தங்குபவர் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி செலுத்த வேண்டும். பின்னர் இது பிள்ளைகளுக்கும் விரிந்தது. 16 வயது நிரம்பிய ஆண்மகனும் 13 வயது நிரம்பிய பெண்ணும் வரி கட்ட வேண்டியவராயினர். கணவன், மனைவி, இரு மக்கள் கொண்ட குடும்பம் 12 பவுன் கட்ட வேண்டும். கணவனின் வருவாயோ மாதம் 14 ஷில்லிங்குக்கு மேற்படாது என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் கணக்கிடுகிறார். 12 பவுன் என்பது 240 ஷில்லிங். அவன் ஆண்டு முழுதும் ஈட்டுவது 168. உழைப்பு முழுவதையும் கொடுத்தாலும் தங்குவதற்கான விலை முடியாது. துரத்துகிறோம் என்று சொல்லாமலே துரத்தும் வழி இது.

1897ஆம் ஆண்டு மற்றொரு சட்டம் வந்தது. புதிதாக வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. இனம் என்ற சொல்லோ, நிறம் என்ற சொல்லோ அதில் இல்லை. தமிழில் கற்றுத் துறைபோகிய புலவரும் அச்சட்டத்தின் முன் எழுத்தறியாதவரே! இம்முறையின் நயத்தைக் கண்டு 1901ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவும் மொழித் தேர்வைத் தன் குடியேற்றச் சட்டத்தில் வைத்துக்கொண்டது.

அடுத்து டிரான்ஸ்வால். 1906ஆம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் முன்வைக்கப்பட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து, பத்து விரல் ரேகையும் வைத்துச் சான்றிதழ் பெறவேண்டும். காவலர் கேட்ட இடத்தில் கேட்ட பொழுதில் அதைக் காட்ட வேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடக அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர் கூடி, இதற்குப் பணிவதில்லை என்று கடவுள் சாட்சியாக உறுதி பூண்டனர். மறு ஆண்டு சட்டம் நிறைவேறியது. அதனோடு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்து, புதியவர் வருகைக்குக் கதவை அடைத்தது. 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஹமீதியா மசூதி வெளியில் 2,000க்கு மேற்பட்ட சான்றிதழ்களைக் கொப்பரையில் இட்டு எரித்தார்கள். தங்கியிருக்க உரிமை தரும் ஒரே தாளைத் தம் கையாலேயே தீயிலிட்டார்கள் என்று படித்தபோது தந்தையார் நிறுத்திவிட்டார். தம் பணிப் பதிவேட்டின் ஒவ்வொரு தாளையும் நகலெடுத்துப் பூட்டி வைத்திருந்தவர் அவர். அன்று மேலே படிக்கவில்லை.

அப்போராட்டத்தில் டிரான்ஸ்வால் தமிழர் எண்ணிக்கைக்கு மிஞ்சிய பங்கேற்றனர். மொரீசியசில் பிறந்து, ஜோகன்னஸ்பர்கில் வண்டித் தொழில் நடத்திய தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். சாமி நாகப்பன் என்னும் இளைஞர் கடுங்குளிரில் சாலை வேலை செய்ய வைக்கப்பட்டு, விடுதலையான சில நாளில், 1909 ஜூலை 6ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் இறந்தார். நாராயணசாமி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்தவரை இறங்கவிடாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழித்தனர். 1910 அக்டோபர் 16ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் அவர் உயிர் பிரிந்தது. சென்னை வந்து இறங்கிய ஏனைய நாடு கடத்தப்பட்டோர்க்கு ஜி. ஏ. நடேசன் உண்டியும் உறையுளும் தந்து காத்தார். தாயகத்தில் இறங்கியும் எங்கே போவதென்று தெரியாத தமிழர்கள் அவர்களுள் இருந்தனர். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்க்கு இந்தியா ஏது ஊர்?

1910ஆம் ஆண்டு அந்நாடுகள் ஒன்றிணைந்து ஓர் ஒன்றியமாயின. 1913 ஆகஸ்டு 1ஆம் நாள் புதிய குடியேற்ற ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு ஒன்றான பின்னும் இந்தியர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, மார்ச்சு 14ஆம் நாள், கேப் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று கிறித்தவ முறையில் நடைபெறாத, பதிவு பெறாத திருமணங்களைச் செல்லாதவையாக்கியிருந்தது. கணவனிடம் வந்து சேரக் கப்பலேறிய ஒரு பெண்ணின் வழக்கில் பிறந்தது அத்தீர்ப்பு. குடியேற்றச் சட்டம் இவ்வாறு ஒரு முனையில் கூலியின் பணப்பையையும் மறுமுனையில் மனைவியின் தாலியையும் தொட்டுவிட்டது.

அதன்பின் நடந்தது வியப்புக்குரியது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் பதினொருவர் சீட்டின்றி எல்லை கடந்தனர். ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. காவலர் கைது செய்யாமல் விட்டதால், நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். தொழிலாளர்களிடம் அவர்கள் மொழியிலேயே 3 பவுன் வரியின் கொடுமையைப் பேசினார்கள். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் மூண்டது. அரசு விழித்துக்கொண்டு பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைத்தது. வள்ளியம்மையும் அவள் அன்னை மங்களமும் அடுத்து வந்த அணியினரோடு சேர்ந்தவர்கள்.

சுரங்க முதலாளிகள் குடியிருப்புகளில் விளக்கையும் நீரையும் நிறுத்தினர். தொழிலாளர் மூட்டை முடிச்சோடு வெளியேறினர். 1913 நவம்பர் 6ஆம் நாள் விடியலில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்லஸ்டவுனிலிருந்து புறப்பட்டு, வால்க்ஸ்ரஸ்ட் அருகே எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நடந்தார்கள். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்சு சர்க்கரையும் உணவு. வழியில் ஒரு குழந்தை குளிரால் இறந்தது. ஓடையைக் கடக்கையில் தாயின் கை நழுவி மற்றொன்று நீரில் போயிற்று. காந்தியடிகளை நான்கு நாள்களுக்குள் மூன்று முறை கைது செய்தனர். 10ஆம் நாள் பால்ஃபரில் அனைவரையும் இரயிலேற்றி நேட்டாலுக்குத் திருப்பி, சுரங்க வளாகங்களையே சிறைகளாக்கி, அங்கேயே வேலை வாங்க முற்பட்டனர். செய்தி பரவியதும் கடற்கரைத் தோட்டங்களிலும் ஆயிரமாயிரம் பேர் வேலையை நிறுத்தினர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். இந்திய அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு அம்மாதமே சென்னையில் பேசுகையில், சட்டத்தை மீறிய அம்மக்களுக்குத் தம் ஆதரவை வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது.

இவ்விடத்தை முடித்த இரவு, தந்தையார் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி இட்டார். எழுத்தர் கை அல்லவா! முதற் பத்தியில் சட்டம். இரண்டாவதில் அச்சட்டம் யாரைத் தாக்கியது. மூன்றாவதில் யார் மீறினார்கள். எழுதி முடித்து எங்களிடம் நீட்டினார். 3 பவுன் வரி நேட்டால் கூலிகளுக்கு உரியது. அதற்காகச் சிறை சென்ற பெண்கள் டிரான்ஸ்வாலில் வாழ்ந்தவர்கள், அவ்வரியைச் செலுத்த வேண்டாதவர்கள். மாநில எல்லைச் சீட்டு, இடம் விட்டு இடம் செல்லும் வணிகரையும் கற்றவரையும் தடுத்தது. அதை மீறி நடந்த சுரங்கக் கூலிக்கு டிரான்ஸ்வாலில் ஒரு வேலையும் இல்லை. இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஓரிடத்திலும் பொருந்தவில்லை. "தனக்காக என்றால் தலைகுனிந்து கொள்ளலாம், அடுத்தவனுக்காக என்கிறபோது குனிய முடியாது போலிருக்கிறது" என்றார். தில்லையாடியில் அவர் கேட்ட வினாவுக்குத் தாமே கண்ட விடை இது என்று நாங்கள் கொள்கிறோம்.

அன்னையார் வேறொன்றைக் கவனித்தார். அப்பதினொரு பெண்களின் பெயர்களைக் காந்தியடிகள் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். பெரும்பாலோர் கணவர் பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளனர்: திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு. "சிறைக்குப் போனது அவளா, அவரா?" என்று அன்னையார் கேட்டார். தந்தையாரிடம் விடையில்லை. தம்பி நாயுடுவின் துணைவியார் பெயர் வீரம்மாள் என்பதைப் பின்னாளில் வேறு நூல்களிலிருந்து அறிந்தோம். அப்போது அன்னையார் உயிரோடில்லை.

வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்தாள். சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டதற்கு, மீண்டும் செல்ல ஆயத்தம் என்ற பொருளில் விடை சொன்னதாக அவர் எழுதுகிறார். 1914 ஜூனில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது, திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஜூலை 15ஆம் நாள், நாடு திரும்புவதற்குச் சற்று முன், நாகப்பன், வள்ளியம்மை ஆகியோரின் நினைவுக் கற்களைக் காந்தியடிகள் பிராம்ஃபான்டீன் இடுகாட்டில் திறந்துவைத்தார். 1915ஆம் ஆண்டு தில்லையாடிக்கு வந்தார். அவள் காணாத ஊரை அவள் பொருட்டு அவர் கண்டார்.

வெற்றி முழுமையானது என்று சொல்லிவிட்டால் அது விழா மேடைப் பேச்சாகிவிடும். குடியேற்றக் கதவு திறக்கவில்லை. மாநிலங்களுக்கிடையே சீட்டு முறை நீடித்தது. அதே 1913ஆம் ஆண்டில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் பகுதியின் புளூம்ஃபான்டீன் நகரில் ஆப்பிரிக்கப் பெண்கள் தம்மீது சுமத்தப்பட்ட அனுமதி அட்டையை எதிர்த்து ஊர்வலம் சென்று சிறைபுகுந்தனர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வகைத் தாள். எனினும் இரு போராட்டங்களும் கைகோக்கவில்லை. மண்ணின் மைந்தர்க்கே இல்லாத உரிமை வந்தவர்க்கு நிலைக்குமோ? அடுத்த தலைமுறை இதை உணர்ந்தது. 1947ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழரான மருத்துவர் நாயக்கர், மருத்துவர் தாதூ, ஆப்பிரிக்கத் தலைவர் மருத்துவர் ஸூமா ஆகிய மூவரும் கூட்டுடன்பாடு செய்தனர். 1948ஆம் ஆண்டு தொண்டர்கள் மீண்டும் அதே நேட்டால் எல்லையைச் சீட்டின்றிக் கடந்தனர். நாயக்கரும் தாதூவும் சிறையேகினர். 1952ஆம் ஆண்டுச் சட்டமறுப்பில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து 8,000 பேருக்கு மேல் கைதாயினர். தம்பி நாயுடுவின் பெயரர் இந்திரஸ் நாயுடு 1963 முதல் பத்தாண்டு சிறைத் தண்டனையை ராபன் தீவில் கழித்தார். ஆப்பிரிக்கர்மீதிருந்த அனுமதி அட்டைச் சட்டங்கள் 1986ஆம் ஆண்டுதான் நீங்கின.

இனி எங்கள் இல்லத்துக்கு வருவோம். தந்தையார் ஓய்வு பெற்று, யமுனைக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் வாழ்ந்த காலம். 1997ஆம் ஆண்டு அங்குள்ள குடியிருப்போர் அமைப்பு ஒரு முடிவு செய்தது. திருட்டு மிகுந்துவிட்டது, ஆதலால் வீட்டு வேலை செய்யும் பெண்களும், காய்கறி வண்டிக்காரரும், துணி தேய்ப்பவரும், ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டே வாயிலுக்குள் வரவேண்டும். அவர்கள் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாத எங்கள் தந்தையார் எழுந்தார். நாற்பதாண்டு பழகியும் செம்மையுறாத இந்தியில், பாதுகாப்புக்கு அட்டை தேவையென்றால் அனைவருக்கும் கொடுங்கள், முதலில் எனக்குக் கொடுங்கள் என்றார். சிரித்தார்கள். அவர் அமரவில்லை. நாங்களும் வந்தவர்கள்தாம்; எங்களைக் கேட்காத ரேகையை இவர்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் தந்தையார் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண்மணி. பின்னால் துணி தேய்ப்பவர். படிவத்தில் நிரந்தர முகவரி என்றொரு கட்டம் இருந்தது. அலுவலகத் தாள்களில் எல்லாம் அக்கட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள தம் கிராமத்தின் பெயரையே எழுதி வந்தவர், அன்று தாம் குடியிருந்த வீட்டின் முகவரியை எழுதினார். பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்தார். அட்டை வந்ததும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பால் வாங்கவும் காய் வாங்கவும் நடந்தார். அலுவலகத்தில் மேலதிகாரியாய் இருந்தவர் ஒருவர் எதிரே வந்து, இதென்ன கோலம் என்று கேட்டபோது, "நான் வெளியூர்க்காரன்" என்று மட்டும் சொன்னாராம்.

அவர் அட்டை கண்டு குடியிருப்பே மனம் மாறியது என்று எழுதினால் கதை நன்றாயிருக்கும். நடந்தது அதுவன்று. இரண்டு குடும்பத்தினர் அவரைப் போல் அட்டை வாங்கினர். சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினர். ஓராண்டு சென்றபின் வாயிற்காவலர் அட்டையைக் கேட்பதை மெல்ல விட்டுவிட்டார். சோம்பலே காரணமாகவும் இருக்கலாம். எங்களுக்கு நிலையாக நின்றது வேறொன்று. தலைகுனிந்து நட என்று எங்களுக்குக் கற்பித்தவர், அதன்பின் அச்சொல்லைப் பெயர்த்தி பெயரர்களிடம் ஒருமுறையும் சொல்லவில்லை.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். இந்தியக் குடிமக்கள் இந்நாட்டில் எங்கும் செல்லவும், எப்பகுதியிலும் தங்கி வாழவும் நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. சென்னையிலிருந்து வண்டியேறுகையில் எந்த எல்லையிலும் நம்மைச் சீட்டுக் கேட்பாரில்லை. இதை நாம் காற்றைப் போல் நுகர்கிறோம். இதே உரிமையோடுதான் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் இன்று திருப்பூருக்கு வண்டியேறுகிறார்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள் அவர்களைக் காண்பீர்கள். தெரியாத மொழியில் விலை கேட்டுத் தடுமாறும் அவர்கள் முகத்தில், 1956ஆம் ஆண்டு கரோல்பாகில் அறை தேடிய எங்கள் தந்தையாரைக் காணலாம். உங்கள் இல்லத்திலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். பூங்குன்றனாரின் அடியை மேடைதோறும் முழங்கும் நாம், அவர்களிடம் சொந்த ஊர் எதுவென்று வினவுகையில், அறிந்துகொள்ளும் அன்போடு வினவுவோமாக. அவர்களுக்கு மட்டும் ஓர் அட்டை நீட்டப்படும் நாள் வருமாயின், வரிசையில் அவர்களோடு நிற்க நம்முள் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.